அகரம் உடையப்பனின் சாணிக் கேஸ் அடுப்பு

உடையப்பன் என் அக்காள் புருஷன். அகரத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவருடைய பிடிவாதத்திடம் ஒரு தடவையாவது தோற்காதவரும் கிடையாது. ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை பொய்த்துக் கிணறுகளெல்லாம் வறண்டு கிடந்தபோது, இவர் மட்டும் தன் கிணற்றுக்குள் இறங்கித் தோண்டினார். அடியில் பாறை என்று ஊர் முழுக்கச் சொல்லிற்று. பாறையைப் பார்த்தவர்களே வந்து சொன்னார்கள். நாலு மாதம் வெடி வைத்து, கல்லைச் சுமந்து கொட்டி, பதினெட்டு அடிக்குக் கீழே ஊற்றுக்கண்ணைத் திறந்துவிட்டுத்தான் மேலே வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேதம்தான். எந்தக் கோளாறாக இருந்தாலும் தோண்டினால் அகப்படும். வேதம் பொய்க்கும் நாள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கமுத்து. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை மிதித்து அகரம் போய் அக்காள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கும் உண்டு. அந்த நினைப்பின் லட்சணம் போகப் போகத் தெரியும்.

அக்காள் பெயர் அய்யம்மாள். இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டுமே தங்கவில்லை. அதற்குப் பிறகு மாமாவுக்கு அவள்தான் பிள்ளை, அவளுக்கு அவர்தான் பிள்ளை என்று ஆகிப்போனது. மூன்று ஏக்கர் கத்தரியும் மிளகாயும், ஒரு மூலையில் கனகாம்பரம், ஏழு உருப்படி மாடுகள். வீடு என்பது ஒரே நீளமான அறை. நடுவில் மார்பளவுக்கு ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் படுக்கை. அடுப்புப் புகைக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

அறுபத்திரண்டு வாக்கில் அக்காளுக்கு இருமல் பிடித்தது. கஷாயம், மந்திரித்த கயிறு எல்லாம் கட்டி முடித்த பிறகு திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் அக்காள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருபது வருஷம் ஊதாங்குழல் ஊதிய நெஞ்சு இது, இனிமேல் புகை ஆகாது, இன்னும் இரண்டு மழைக்காலம் இதே புகையில் கிடந்தால் நெஞ்சு தாங்காது என்று எங்கள் இருவரிடமும் தனியாகச் சொன்னார். அக்காளிடம் சத்துக்குறைவு என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். தாடிக்கொம்பு தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பி, புகையில்லாத அடுப்பு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் யூனியன் ஆபீஸ் சுவரில் சாண எரிவாயு என்று படம் ஒட்டியிருந்தார்கள். தரைக்குள் ஒரு தொட்டி. அதில் சாணியைக் கரைத்து ஊற்றினால் புளித்து வாயு கிளம்பும். மேலே கவிழ்த்திருக்கும் இரும்புத் தொப்பி அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு எழும்பும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வரும். நீல நெருப்பு, துளி புகை கிடையாது. மாமா அந்தப் படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றார். ஊரில் சிரித்தார்கள். சாணியில் சோறாக்கப் போகிறானாம் உடையப்பன் என்று டீக்கடையில் பேச்சு. செலவுக்கு அவர் மாட்டு வண்டியை விற்றார். மாட்டை விற்க முடியாது, மாடில்லாமல் சாணி ஏது? வண்டி போனதும் எருதுகள் தொழுவத்தில் சும்மா நின்று சாணி போட்டுக்கொண்டிருந்தன.

குழி தோண்டுவது அவருக்குப் பிடித்த வேலை, ஆள் வைக்காமல் அவரே தோண்டினார். குழாய் வேலைக்குத் திண்டுக்கல்லில் இருந்து இருதயநாதன் என்பவரை நான்தான் கூட்டி வந்தேன். நல்ல வேலைக்காரர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிற ரகம். அறுபத்து மூன்று தை மாதம், ஒரு வியாழக்கிழமை, குழாயை வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்பில் மாட்டினார். அக்காள் மஞ்சளும் குங்குமமும் குழைத்துத் தட்டோடு வருவதற்குள் தீக்குச்சியைக் கிழித்துவிட்டார். உஸ்ஸென்று நீலமாக வட்டம் போட்டு எரிந்தது. பால் பொங்கியது. காற்று சரியான அளவில் சேர்ந்தால்தான் இப்படி எரியும், அடுப்புக் குழாயில் இருக்கிற இந்த வளையத்தை நான் திருப்பி வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். அந்த வளையத்தை ஆயுசுக்கும் யாரும் தொடவில்லை. அது சத்தியம்.

அக்காளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொட்டு வைக்காமல் பற்ற வைத்துவிட்டார்களே என்று ஒரு குறை. மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகிக் கோலம் போட்டு மூன்று குமிழுக்கும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் எந்த வீட்டிலும் தீ மூட்டமாட்டார்கள். இந்த இரும்பு அடுப்புக்குக் குமிழ் ஏது? அக்காள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முன்பக்கம் குழாயில், வளையத்துக்கு நடுவில், சுண்டைக்காய் அளவுக்கு வட்டமாக ஒரு குழி. அதில் குழைத்த மஞ்சளை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அப்படியே பொருந்திக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது எனக்குக் காட்டினாள்.

"பாருலே தங்கம், பொட்டு உதிராம இருக்க நெத்தியில குழி விட்டே அனுப்பியிருக்கான். செஞ்சவன் நம்ம சாதிசனமாத்தான் இருப்பான்."

நானும் பார்த்தேன். லட்சணமாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கே அடுப்பு சரியில்லை. நெருப்பு மஞ்சளாக நீண்டு, சோம்பலாக ஆடியது. பானையை வைத்தால் அடியில் கரி பிடித்தது. உலை கொதிக்க முக்கால் பொழுது. எரியாத வாயு அழுகின முட்டை மாதிரி நாறியது. அக்காள் இருமினாள். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். பட்டறையில் பூட்டைப் பிரித்துச் சேர்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று திமிர். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், எங்கும் குமிழி வரவில்லை. குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று அடியிலிருந்த திருகைத் திறந்து வடித்தேன், அரைக் குவளை வந்தது. தொப்பி எழும்பியிருக்கிறதா என்று பார்த்தேன், எழும்பியிருந்தது. அடுப்புத் தலையில் இருந்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். எல்லாம் செய்தேன். நெருப்பு மஞ்சளாகவே ஆடியது.

சாணி கெட்டியாக இருக்கிறது என்றார் மாமா. தண்ணீரைக் கூட்டினார். பிறகு தண்ணீராக இருக்கிறது என்று சாணியைக் கூட்டினார். எருமைச் சாணி ஆகாது என்று ஒருத்தன் சொன்னான், அதை நிறுத்தினார். அக்காளோ முதல் நாள் பொட்டில்லாமல் பற்ற வைத்ததுதான் குற்றம் என்று தீர்மானமாக நம்பினாள். அதனால் வெள்ளிக்கு வெள்ளி என்பது போய்ச் செவ்வாயும் வைக்க ஆரம்பித்தாள். மஞ்சளில் கொஞ்சம் பச்சரிசி மாவும் சேர்த்துப் பிசைந்தாள், விழாமல் பிடிக்கும் என்று.

இருதயநாதனை மறுபடியும் வரவழைத்தோம். அடுப்பங்கரைக்குள் வெளியாள் அடிக்கடி வந்து போவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அவரும் சங்கடப்பட்டு, அடுப்பை வெளியே கொண்டுவாருங்கள், தொட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அந்நியர் கையில் கொடுக்கிற பாத்திரத்தை அழுக்கோடு கொடுப்பாளா அக்காள்? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள். இருதயநாதன் ரப்பர் குழாயை மாட்டிப் பற்ற வைத்தார். முதல் நாள் போலவே நீலமாக எரிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் உயிர் வந்தது.

"அடுப்புல ஒண்ணுமில்லண்ணே" என்றார் இருதயநாதன். "இங்கன எரியுது, உள்ள எரியலன்னா நடுவுல போற குழாயிலதான் கோளாறு."

சரியான பேச்சுத்தானே? நானே தலையாட்டினேன். மாமாவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தோண்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வாசலிலிருந்து சுவர் வரைக்கும் தோண்டிக் குழாயை வெளியே எடுத்தார். கம்பி விட்டு இழுத்தார், தண்ணீர் பாய்ச்சினார், வெயிலில் காயப்போட்டார். மறுபடி பதித்தார். அடுப்பு உள்ளே போனது. வெளியே போய்த் திரும்பி வந்த பொருளுக்கு மஞ்சள் வைக்காமல் அக்காள் தொடமாட்டாள். வைத்தாள். பற்ற வைத்தாள். மஞ்சள் நெருப்பு, கரி, நாற்றம்.

இதை அப்படியே மூன்று தடவை செய்தோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வெளியே கொண்டுபோனால் எரிந்தது, உள்ளே கொண்டுவந்தால் எரியவில்லை. இரண்டாவது தடவை குழாயையே மாற்றினோம். மூன்றாவது தடவை, அடுப்பு இருக்கிற மூலையே தோஷம் என்று ஒரு மனையடி சாஸ்திரக்காரன் சொல்ல, சுவரில் வேறு இடத்தில் ஓட்டை போட்டு அடுப்பை எதிர் மூலைக்கு மாற்றினோம். தெரு வாசலில் மண் மேடு. மாமாவின் கையில் கொப்புளம் உடைந்து கொப்புளம். ஊர் இப்போது சிரிக்கக்கூட இல்லை, பரிதாபப்பட்டது. அவரைப் போன்ற மனிதனுக்குச் சிரிப்பைவிடப் பரிதாபம்தான் கொடுமை.

முதல் மழைக்காலம் இப்படியே விறகுப் புகையில் போயிற்று. முற்றத்தில் கல் கூட்டிச் சமைக்கலாம்தான், கோடையில் அப்படித்தான் செய்தோம். ஐப்பசியில் மழை இறங்கினால் முற்றத்தில் எங்கே தீ நிற்கும்? அறுபத்து நாலு ஆவணியில் அக்காள் படுத்துவிட்டாள். மாமாவின் தங்கை ராமுத்தாய் வந்து சமையலைப் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதிலேயே தாலியறுத்தவள், வாயில்லாப் பூச்சி. சோறாக்குவாள், சாணி கரைப்பாள், அக்காளுக்கு முதுகு தடவிவிடுவாள். மஞ்சள் குங்குமத்தை மட்டும் தொடமாட்டாள். தான் தொடலாகாது என்று அவளே விலகி நிற்பாள்.

அதனால் வெள்ளிக்கிழமை வந்தால் அக்காள் கட்டிலில் படுத்தபடியே மாமாவைக் கூப்பிடுவாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைக்கும். குட்டைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, சரியாக நடுவில் வை, கோணாமல் வை என்று அவள் சொல்லுவாள். கட்டை விரலால் நன்றாக அழுத்தி வைப்பார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர்.

ஐப்பசி பிறந்தது. விறகு நனைந்துவிட்டது. நனைந்த விறகின் புகையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அறை முழுக்க நின்றது, போக வழி தெரியாமல் கூரையை முட்டிக்கொண்டு திரும்பியது. அக்காள் முந்தானையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். ஒருநாள் ராமுத்தாய் கேஸ் அடுப்பையே பற்ற வைத்துப் பார்த்தாள். அந்த நாற்றத்தில் அக்காளுக்கு மூச்சு அடைத்து முகம் நீலம் பாரித்துவிட்டது. அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள். மாமா திருகை மூடிவிட்டு மழையில் வெளியே போய் நின்றார். நான் பின்னால் போனேன்.

"மாப்ள, எங்கிட்டாவது தோண்டச் சொல்லு" என்றார். "எம்புட்டு ஆழம்னாலும் தோண்டுறேன். எங்கிட்டுன்னு மட்டும் சொல்லு."

அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

கார்த்திகை ஐந்தாம் தேதி அக்காள் போய்விட்டாள். காலையில், கஞ்சி குடித்த பிறகு. நான் பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தபோது நெற்றியில் காசு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். போகிறதுக்கு முன்னால் என்ன சொன்னாள் என்று ராமுத்தாயிடம் கேட்டேன். அடுப்பு எரிந்துவிடும், தெய்வம் கண் திறக்காமல் போகாது, அவரைக் குழி வெட்டவிடாதே என்று சொன்னாளாம். மாமா அழவில்லை. மயானத்தில் வெட்டியானை விலக்கிவிட்டு அவரே குழி வெட்டினார். யாரும் தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. அன்று வியாழக்கிழமை. வீட்டை வெள்ளையடித்து, சாமான் செட்டையெல்லாம் முற்றத்தில் போட்டுக் கழுவினார்கள். கேஸ் அடுப்பையும் ராமுத்தாய் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே மாட்டி வைத்தாள். யாரும் பொட்டு வைக்கவில்லை. துக்க வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு வரும்? சாயங்காலம் உறவுக்காரர்கள் கலைந்து போனார்கள். நான் மட்டும் தங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நான் புறப்பட வேண்டும். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும் என்று ராமுத்தாய் ஈர விறகோடு மல்லுக்கட்டினாள். பதினாறு நாளாக வாயு செலவாகாமல் இரும்புத் தொப்பி முழுசாக எழும்பி நின்றதை நான் வரும்போதே பார்த்திருந்தேன். இருக்கிறதை எரித்துத் தொலைக்கலாமே என்று சலிப்போடு தீக்குச்சியைக் கிழித்து, கேஸ் அடுப்பின் திருகைத் திறந்தேன்.

உஸ்ஸென்று பற்றிக்கொண்டது. நீல வட்டம். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை, நாற்றமில்லை, புகையில்லை. அதே மூலை, அதே குழாய், அதே வீடு. ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மாமா வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் கோபமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காள் சொன்னபடியே தெய்வம் கண் திறந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே என்று தனக்குள் முனகிக்கொண்டு மாடத்துக்குப் போனார். கிண்ணத்தை எடுத்து மஞ்சள் குழைத்தார். துக்கம் கழிந்த வீடு, வைக்கலாம்தான். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே சரியாக நடுவில், கோணாமல், அந்தக் குழியில் மஞ்சளை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

நீலம் போயிற்று. நெருப்பு மஞ்சளாக நீண்டு சோம்பலாக ஆடியது.

விரலை எடுத்தார். மஞ்சள் அங்கேயே இருந்தது, நெருப்பும் மஞ்சளாகவே இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தார். நீலமாயிற்று. வெறும் விரலை வைத்து அடைத்தார், மஞ்சள். எடுத்தார், நீலம். பிறகு மறுபடியும் வைத்தார். எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று நான் எண்ணவில்லை. காற்று சேர்ந்தால்தான் நீலமாக எரியும் என்று இருதயநாதன் சொன்னது என் காதில் இப்போதுதான் விழுந்தது. அந்தக் குழிதான் காற்று நுழைகிற துளை. பூட்டு திறக்காவிட்டால் பட்டறையில் முதலில் சாவித் துளையைத்தான் பார்ப்போம். சின்னப் பையனுக்கும் தெரிந்த பாடம் அது. நான் இரண்டு வருஷமாக அந்தத் துளையைப் பார்த்து லட்சணம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

ராமுத்தாய் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தாள். மாமா மஞ்சள் ஒட்டிய கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லவேளை மாப்ள. இது தெரியாமயே போயிட்டா."

ராமுத்தாயிடமும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் அய்யம்மா வைத்த பொட்டே அவளுக்கு எமனாயிற்று என்று ஊர் பேசும், எல்லாப் பொட்டும் நான் வைத்ததாகவே இருக்கட்டும் என்றார். திருகை மூடினார். அடுப்பைக் குழாயிலிருந்து கழற்றிப் பரணில் போட்டார்.

காப்பி விறகடுப்பில்தான் தயாரானது. புகை வழக்கம்போல அறையை நிறைத்தது. மாமா அடுப்புக்கு முன்னால் குந்தி, அக்காளின் ஊதாங்குழலை வாங்கி அவரே ஊதினார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு ஊதுவது அவர் வேலையாகத்தான் இருந்தது. ராமுத்தாய் தடுத்துப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. நாலு வருஷத்தில் அவருக்கும் அதே இருமல் வந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். தெரிந்ததையே இன்னொரு தடவை கேட்க எதுக்கு மாப்ள பஸ் ஏறணும் என்று சொல்லிவிட்டு, ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.